பாத்திரம் செய்ய மென்பொருளா, பென்சிலா?

அகழிமுதலை
ஞாயிறு, இரவு 10.12

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் மாலை ஐந்தரைக்கு மேல் ஆடுகிறோம். அதற்கு முன் ஏன் ஆடுவதில்லை என்று வேலூர்க்காரர் யாரும் கேட்கமாட்டார்கள். ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது; அந்தப் பாத்திரத்தின் எண்களெல்லாம் ஒரு தாளில் இருக்கும். நான் நடத்துநர். பஸ் நடத்துநர் வேலையேதான்: யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், யாருக்குச் சில்லறை பாக்கி என்று பார்ப்பது.

இந்தமுறை ஐந்து பேரும் புதியவர்கள். "பாத்திரத்தைக் கைப்பேசி மென்பொருளிலேயே செய்து எடுத்து வந்துவிடுங்கள், நேரம் மிச்சம்" என்று சொன்னவன் நான்தான். செய்தார்கள். ஐந்து தாள்களும் கல்யாணப் பத்திரிகைபோல அச்சாகி வந்தன. பார்த்தவுடன் எனக்கும் பெருமை.

இரண்டாவது சண்டையில் ஒரு கோப்ளின், அதாவது குட்டிப் பூதம், எங்கள் போர்வீரன் மேல் பாய்ந்தது. இருபதுபக்கப் பகடையில் 13 விழுந்தது. கோப்ளினுக்குக் கூட்டு 4. ஆக 17. போர்வீரனின் தாளில் கவச எண் 18; தாக்குதல் அதை எட்டினால்தான் அடி விழும். தப்பித்தான். கைதட்டினார்கள். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்: "உன் ஆயுதம் பெருங்கோடரி. அதற்கு இரண்டு கையும் வேண்டும். கேடயத்தை எதில் பிடித்திருக்கிறாய், பல்லிலா?"

சங்கிலிக் கவசத்துக்கு 16, கேடயத்துக்கு 2. கேடயத்தை எடுத்துவிட்டால் வெறும் 16. அடி பட்டிருக்க வேண்டும். அவனிடம் அப்போது இருந்ததோ 5 உயிர்ப் புள்ளி. பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சும்மா உருட்டிப் பார்த்தோம். ஆறுபக்கப் பகடையில் 4, கூட்டு 2, மொத்தம் 6. ஆள் சாய்ந்திருப்பான்.

அரை மணி நேரம் வாக்குவாதம். அது எனக்குப் பெரிதில்லை. "18 எப்படி வந்தது?" என்று கேட்டேன். ஐந்து பேரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. "அதில் அப்படித்தான் காட்டியது" என்றார்கள். இதுதான் உறுத்துகிறது.

அடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு பேர் சேர்கிறார்கள். அவர்களை மென்பொருளிடம் அனுப்பட்டுமா, பென்சிலைக் கொடுத்து உட்காரவைக்கட்டுமா?

பி.கு.: "பாத்திரம் செய்யும் மென்பொருள்" என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான் எவர்சில்வர் கடை வைக்கப்போவதாக அம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.


ஐந்தாம்பிளாட்பாரம்
ஞாயிறு, இரவு 10.41

பென்சில் பஜனை தொடங்குவதற்குள் நான் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

தினமும் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வருகிறேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பாதி நாள் நின்றுகொண்டுதான். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கைப்பேசி. இந்த நிலையில் நான் எங்கே விதிப் புத்தகத்தை விரிப்பது? மென்பொருள் இல்லையென்றால் நான் இந்த ஆட்டத்தையே விட்டிருப்பேன்.

அதோடு, நீங்கள் எல்லோரும் ஐந்தாம் பதிப்பை வைத்துப் பேசுகிறீர்கள். அது எளிது. பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் பாத்திரம் ஒவ்வொரு நிலை ஏறும்போதும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பத்தாம் நிலைப் பாத்திரத்தைக் கையால் செய்துபாருங்கள். நான் அதற்கான பாத்பில்டர் மென்பொருளை வைத்திருக்கிறேன். அரக்கோணம் தாண்டுவதற்குள் ஆள் தயார்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு காலம் இன்னும் மோசம். முதல் நிலையில் திறன் புள்ளிகளை நான்கால் பெருக்க வேண்டும். தன் வகுப்பை (போர்வீரன், பூசாரி போன்ற தொழிலை) சேராத திறனென்றால் ஒரு படிக்கு இரண்டு புள்ளி. 2000ஆம் ஆண்டில் அந்தப் பதிப்பு வெளிவந்தபோது, ஆட்டக்காரர் கையேட்டோடு பாத்திரம் செய்யும் மென்பொருளின் முன்னோட்டக் குறுவட்டையும் வைத்துக் கொடுத்தார்கள். விதியை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, இதைக் கையால் கட்டி மாளாது என்று. பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து, ஜாவாவில் ஓடும் பிசிஜென் என்ற பாத்திர மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான். அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அப்படியும் அது செய்த கூட்டல் தப்பியதில்லை. என் கூட்டல் தப்பியது.

உங்கள் கோடரிக்காரர் கவனக்குறைவு. மென்பொருளில் கேடயத்துக்கு எதிரே ஒரு டிக் இருக்கும். எடுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.


மக்கன்பேடா
ஞாயிறு, இரவு 11.05

அந்தக் கோடரிக்காரன் நான்தான்.

டிக் போட்டது நானில்லை ஐயா. போர்வீரனுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் பொருட்களில் "ஒரு போர் ஆயுதமும் ஒரு கேடயமும், அல்லது இரண்டு போர் ஆயுதங்கள்" என்று விதியே கேட்கிறது. நான் முதலாவதைத் தொட்டேன். எந்த ஆயுதம் என்றது. பெருங்கோடரி பன்னிரண்டுபக்கப் பகடை உருட்டும் என்று படத்தோடு போட்டிருந்தது, அதைத் தொட்டேன். கேடயம் தானாக வந்து மாட்டிக்கொண்டது. நான் இருந்தது ஆற்காட்டில் எங்கள் கடைக் கல்லாவில். மாலை நேரக் கூட்டம். மக்கன்பேடா பொட்டலம் கட்டிக்கொண்டே பாத்திரம் செய்தேன். பெருங்கோடரிக்கு இரண்டு கை வேண்டும் என்று அது ஒரு மூலையில் சொல்லியிருந்தது என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மாடியில் சொல்ல வெட்கமாக இருந்தது. என் பலம் 18 என்று பார்த்தீர்களே, அது முதல் உருட்டலில் வந்ததில்லை. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை.


தாயக்கட்டை
திங்கள், காலை 6.20

மக்கன்பேடா, ஒப்புக்கொண்டதற்காக உன்னை மன்னிக்கலாம். ஆனால் கணக்கு ஆசிரியையிடம் பொத்தான் கதையைச் சொல்லிவிட்டாய்.

மூன்று ஆறுபக்கப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் 18 விழ 216இல் ஒரு வாய்ப்பு. நான்கு உருட்டி, இருப்பதில் சிறியதைக் கழித்துவிட்டுக் கூட்டினால் 1,296இல் 21. அதாவது சுமார் 62இல் ஒன்று. பலம், விவேகம் என்று ஒரு பாத்திரத்துக்கு ஆறு குணங்கள், அவற்றுக்கு ஆறு முறை உருட்டுகிறோம். எனவே ஏறக்குறைய பத்து பாத்திரத்தில் ஒன்றுக்காவது ஒரு 18 வரும். நீ அழுத்தியது பத்து முறைக்குப் பக்கத்தில் இருந்தால் அது அதிசயமே இல்லை. கையில் பகடை இருந்திருந்தால் இரண்டாம் முறை உருட்டும்போதே எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்திருப்பாய். கைப்பேசிக்கு முகம் இல்லை.

உருட்டாமல் புள்ளி கொடுத்து வாங்கும் முறை இருக்கிறதே, புதியவர்களுக்கு அதைத்தான் நான் சொல்வேன். கையில் 27 புள்ளி. ஒவ்வொரு குணமும் 8இல் தொடங்கும். 13 வரைக்கும் ஒரு படிக்கு ஒரு புள்ளி. 14க்கு ஏற இரண்டு, 15க்கு ஏற இன்னும் இரண்டு. ஆகவே 13இன் விலை 5, 14இன் விலை 7, 15இன் விலை 9. மூன்று 15 வாங்கினால் 27ம் தீர்ந்தது. மற்ற மூன்றும் 8லேயே கிடக்க வேண்டியதுதான். மளிகைக் கடையில் நூறு ரூபாயோடு நிற்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. புத்தகத்தில் தயாராகக் கொடுத்திருக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற வரிசையையும் கூட்டிப்பாருங்கள்: 9, 7, 5, 4, 2, 0. அதுவும் சரியாக 27. இதைத் தானே கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஒரு சிரிப்பு வரும். மென்பொருளிலும் இதே கணக்குதான் நடக்கிறது, மேலே "மீதம் 0" என்று மட்டும் காட்டுகிறது. சிரிப்பு வருவதில்லை.

அகழிமுதலை, சேரப்போகும் இரண்டு பேரில் நானும் ஒருத்தி. பென்சிலோடு வருகிறேன். நாலுபக்கப் பகடை உங்களிடம் குறைவு என்று கேள்விப்பட்டேன். என் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு பக்கம் வெறுமை. வெறுமையை நான்கு என்று வைத்துக்கொண்டால் போயிற்று. கூர்முனைப் பிளாஸ்டிக்கை மிதித்துக் கத்துவதும் மிச்சம்.


ஐந்தாம்பிளாட்பாரம்
திங்கள், காலை 7.48

டீச்சர், இதெல்லாம் முதல் நிலைக்குச் சரி. ஐந்தாம் நிலைக்கு வரும்போது தேர்ச்சிக் கூட்டு 2இலிருந்து 3 ஆகும். அது தாளில் எத்தனை இடத்தில் மாறும் என்று பென்சில்காரர்கள் எண்ணிப்பார்த்ததுண்டா? தாக்குதல், தேர்ச்சி பெற்ற திறன்கள், தற்காப்பு உருட்டல்கள், மந்திரத்தைத் தாங்குவதற்கான எண். நான் பார்த்த கைத்தாள்களில் பாதியில் ஒன்றாவது பழைய எண்ணிலேயே நின்றிருக்கும். அழித்து அழித்துத் தாள் கிழிந்து, கிழிசலுக்கு மேல் செல்லோடேப்.

ரயில் வந்துவிட்டது.


பழையகாகிதம்
திங்கள், பகல் 2.15

கிழிந்த தாளாவது கையில் இருக்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்புக்கு ஒரு நல்ல மென்பொருள் இருந்தது. முதலில் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். 2010 நவம்பரில் அதை இணையத்துக்கு மாற்றினார்கள். சில்வர்லைட் என்ற நுட்பத்தில் ஓடியது, சந்தா கட்ட வேண்டும். 2020 தொடக்கத்தில் சில்வர்லைட்டின் ஆயுள் முடிவதைக் காரணம் காட்டி மூடிவிட்டார்கள். பத்தாண்டு வளர்த்த பாத்திரத்தை அச்சடித்து வைத்தவர் பிழைத்தார்.

2024இல் இன்னொன்று. புதிய விதிகள் வரும்போது, டி அண்ட் டி பியாண்ட் என்ற அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கும் பழைய பாத்திரங்களின் மந்திரங்களும் மாயப் பொருட்களும் புதிய வடிவத்துக்கு மாறிவிடும் என்று ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். சில நாட்களில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நல்லதுதான். ஆனால் என் வீட்டு அலமாரியில் இருக்கும் தாளை மாற்றப்போவதாக யாராலும் அறிவிக்க முடியாது.

மென்பொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்து முடித்த அன்றைக்கே பிடிஎஃப் எடுத்து, அச்சடித்து, கோப்பில் போடுங்கள் என்கிறேன்.

பாத்திரம் செய்வதை அலுவலகப் படிவம் நிரப்புவதுபோல எல்லோரும் பேசுகிறீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். 1977இல் வந்த டிராவலர் ஆட்டத்தில், பாத்திரம் செய்யும்போதே அந்தப் பாத்திரம் செத்துப்போகலாம். ராணுவத்தில் இன்னும் நான்காண்டு பணி நீட்டிக்கிறாயா என்று கேட்கும், ஆசைப்பட்டு நீட்டிப்பீர்கள், பகடை கவிழ்ந்தால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கருமாதி. அதை ஒரு மென்பொருளிடம் கொடுத்து நொடியில் பத்து ஆட்களைச் செய்யச் சொன்னால், மிச்சமிருப்பவர்களின் பட்டியல் கிடைக்கும். அந்த ஆசை கிடைக்காது.


முள்ளுக்கத்தரி
செவ்வாய், இரவு 8.30

தலைப்பைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். மாடியில் பல்லைப் பற்றிக் கேட்டவள் நான்தான். என் பாத்திரத்தின் பெயர் கொற்றவை. மென்பொருள் திரையில் அழகாகத் தெரிகிறது. பிடிஎஃப் தாளாக இறக்கினால் பெயர்க் கட்டத்தில் "க" தனியாக நிற்கிறது, பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதைச் சுற்றி கொம்பும் காலும். "வை"யின் சங்கிலிக் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?


ஐந்தாம்பிளாட்பாரம்
செவ்வாய், இரவு 9.02

அது பாத்திரம் செய்யும் மென்பொருளின் கோளாறு மட்டுமில்லை. ஒருங்குறியில் "கொ" என்பது முதலில் க, அதற்குப் பின் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியைப் பிளந்து கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது எழுத்துருவை அடுக்கும் நிரலின் வேலை. நிரப்பும் கட்டங்கள் கொண்ட பல பிடிஎஃப்களில் அந்த அடுக்கும் வேலை நடப்பதே இல்லை. வந்த வரிசையிலேயே கொட்டிவிடுகிறது. கட்டத்தில் நிரப்பாமல், உலாவியில் திறந்த பக்கத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பிப்பாருங்கள். பெரும்பாலும் சரியாக வரும்.


முள்ளுக்கத்தரி
புதன், மாலை 6.47

வந்தது. ஆனால் பக்கம் நான்காக வெட்டுப்பட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்துவிட்டு, "பெயர்க் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு எடும்மா, பேனாவால் எழுதிக்கொள்" என்றார். இரண்டு நாள் யோசித்தோம், அவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்.


ஆற்காட்டுக்குதிரை
வியாழன், இரவு 9.55

இந்த இழையைத் தேடித்தான் வந்தேன். 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டைச் சிப்பாய்க் கிளர்ச்சி. அந்த இரவை வைத்து ஓர் ஆட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆட்டக்காரர்கள் கோட்டைக்குள் இருக்கும் சிப்பாய்கள், திப்புவின் பிள்ளைகளுடைய மாளிகைப் பணியாட்கள், வெளியிலிருந்து கோட்டைக்குச் சாமான் கொண்டுவருபவர்கள். புதிய தலைப்பாகை உத்தரவு, நெற்றிக் குறிக்குத் தடை, விடிந்ததும் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வருவது எல்லாம் உண்டு. எத்தனை உருட்டலுக்குள் அவர் வந்து சேர்வார் என்பதுதான் ஆட்டத்தின் கடிகாரம்.

சிக்கல், எந்த மென்பொருளிலும் என் சிப்பாய்க்கு இடமில்லை. எல்ஃப் இருக்கிறார், டிராகன் ரத்தம் ஓடும் மந்திரவாதி இருக்கிறார். மதராஸ் படைச் சிப்பாய் இல்லை. மஸ்கட் துப்பாக்கிக்கு 2014 நடத்துநர் கையேட்டில் பன்னிரண்டுபக்கப் பகடை என்று இருக்கிறது, இலவச மென்பொருளில் அது கிடைக்கவில்லை. நானே ஒரு விரிதாள் போட்டேன். குண எண் 8, 10 என்றால் பகடையோடு சேரும் கூட்டு சரியாக வருகிறது. ஆனால் 9 என்று கொடுத்தால் கூட்டு 0 என்கிறது. விதிப்படி கழித்தல் 1 வர வேண்டும் அல்லவா?


தாயக்கட்டை
வியாழன், இரவு 10.20

குண எண்ணிலிருந்து பத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் 9க்கு கழித்தல் அரை வரும். விரிதாளில் நீங்கள் ரவுண்ட்டவுன் (ROUNDDOWN) சூத்திரம் போட்டிருக்கிறீர்கள், சரியா? அது பெயருக்குத்தான் கீழே போகும், உண்மையில் பூஜ்யத்தை நோக்கி நகரும். கழித்தல் அரை பூஜ்யமாகிவிடும். இண்ட் (INT) சூத்திரம் போடுங்கள். அது எண்கோட்டில் எப்போதும் இடப்பக்கம் இறங்கும், கழித்தல் 1 தரும். 8க்கும் 10க்கும் மீதியில்லாமல் வகுபடுவதால் பிழை ஒளிந்துகொண்டது. ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடம் நடத்தும்போது இந்த இடத்தில்தான் பாதி வகுப்பு விழும்.


ஆற்காட்டுக்குதிரை
வியாழன், இரவு 10.31

சரியாகிவிட்டது டீச்சர். நன்றி.


பழையகாகிதம்
வெள்ளி, காலை 9.10

குதிரையாரே, இதை வெளியிடும் எண்ணம் இருந்தால்: ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 5.1ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், உங்கள் விரிதாளை யாருக்கும் கொடுக்கலாம். அந்தத் தொகுப்பில் இல்லாததைப் பெயர்த்து எடுக்காதீர்கள், மஸ்கட்டுக்கு நீங்களே ஓர் எண் வையுங்கள்.

மேலே ஐந்தாம்பிளாட்பாரத்துக்கு எதிராகப் பேசினேன், இங்கே அவர் பக்கம் பேசுகிறேன்: தானே செய்த விரிதாளும் மென்பொருள்தான். அதில் 18 எங்கிருந்து வந்தது என்று குதிரையாரை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.


அகழிமுதலை
ஞாயிறு, இரவு 11.20

இன்று நடந்ததைச் சொல்லிவிட்டுத் தூங்குகிறேன்.

ஏழு பேருக்கும் வெற்றுத் தாள், பென்சில், 27 புள்ளி. பழைய ஐவரும் முதலிலிருந்து. ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. நான் பயந்த அளவுக்குச் சலிப்பு இல்லை. விலை பேசுகிற சத்தம் கீழ்வீடு வரை கேட்டது. "விவேகத்தை 8லேயே விட்டுவிடு, உனக்கு எதற்கு அது" என்று ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சொல்லி, அது பாத்திரத்தைப் பற்றியதா ஆளைப் பற்றியதா என்று ஒரு சண்டை. சங்கிலிக் கவசத்துக்குப் பலம் 13 வேண்டும், இல்லையென்றால் நடை தளரும் என்ற வரியை மூன்று பேர் இன்றுதான் முதன்முறையாகப் படித்தார்கள். தாயக்கட்டை தரையில் உருளும் சத்தத்துக்கு அம்மா மாடிக்கு வந்துவிட்டார். யார் தாயம் போட்டது என்று கேட்டார். எவர்சில்வர் கடை விஷயம் இப்போது தீர்ந்துவிட்டது.

ஆட்டம் முடிந்தபின், ஏழு தாளையும் நானே மென்பொருளில் ஏற்றிச் சரிபார்த்தேன். ஆறு சரி. ஒன்றில் பிழை. டீச்சருடையது.


தாயக்கட்டை
ஞாயிறு, இரவு 11.34

என்ன பிழை?


அகழிமுதலை
ஞாயிறு, இரவு 11.37

உங்கள் பூசாரி குன்றுவாழ் ட்வார்ஃப் என்ற குள்ளர் இனம். உயிர்ப் புள்ளியாகப் பூசாரிக்கு 8, உடல் உறுதி 16 என்பதால் 3, மொத்தம் 11 என்று எழுதியிருக்கிறீர்கள். குன்றுவாழ் ட்வார்ஃபுக்கு நிலைக்கு ஓர் உயிர்ப் புள்ளி கூடுதல். 12 வர வேண்டும். புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருக்கிறது.


தாயக்கட்டை
ஞாயிறு, இரவு 11.41

பக்கத்தைத் திருப்பவில்லை. ஐந்தாம்பிளாட்பாரம் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.


ஐந்தாம்பிளாட்பாரம்
திங்கள், காலை 7.46

படித்துவிட்டேன் டீச்சர். பொன்னை பாலம் வரும்வரை சிரித்தேன்.


மக்கன்பேடா
திங்கள், காலை 8.15

என் புதிய தாளில் பலம் 15தான். கோடரியை விடவில்லை. கேடயத்தைக் கிராமத்துக் கொல்லனிடம் பாதி விலைக்கு, 5 பொன்னுக்கு விற்றுவிட்டேன். கவச எண் 16. எப்படி வந்தது என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.